ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிரத்தில் ஸாங்லி ஜில்லாவைச் சேர்ந்த மோஹித்யாஞ்சே வட்காவ் சுமார் 3,000 ஜனங்கள் வசிக்கும் ஒரு சிறு கிராமம். ஊராரில் பெரும்பாலோர் விவசாயிகள். சர்க்கரை ஆலையில் வேலை செய்வோரும் உண்டு. 2022-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி முதல் அவ்வூர்க் கோவிலின் உச்சியிலிருந்து தினந்தோறும் மாலை 7 மணிக்கு ஒரு சங்கு ஊதலாயிற்று. ஆலைகளில் வேலை நேரத்தை அறிவிக்க ஊதுகிறதே, அத்தகைய சங்குதான். அது ஊதியதும் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. கைபேசிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. குழந்தைகள் பாடப் புஸ்தகங்களை எடுத்தார்கள். பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள். 8-30 மணிக்குச் சங்கு மறுபடியும் ஊதிற்று. அதன்பின் அவரவர் இஷ்டம். ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான் அந்த ஊர் செய்துகொண்ட ஏற்பாடு.

இது என்ன பிரமாதமான காரியம் என்று சிலர் கேட்கலாம். தேசத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இன்று நடக்கும் சண்டையை நினைத்துப் பார்ப்போர் அவ்விதம் கேட்கமாட்டார்கள். குழந்தை கைபேசியைக் கீழே வைக்க மறுக்கிறது, தாயார் பிடுங்குகிறாள், குழந்தை அழுது புரளுகிறது, தகப்பனார் அதட்டுகிறார், பத்து நிமிஷத்துக்கெல்லாம், வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காக, அதே கருவி அதே குழந்தையின் கைக்குத் திரும்பிவிடுகிறது. நகரத்து மாடி வீட்டிலும் இதே கதை. குடிசையிலும் இதே கதை. பணமும் படிப்பும் உள்ளவர்களால் தீர்க்க முடியாத இச்சண்டையை ஒரு விவசாயக் கிராமம் ஒன்றரை மணி நேரமாவது தீர்த்து வைத்ததென்றால், அது எப்படி என்று விசாரிப்பது நம் கடமையாகும்.

ஊர் கூடிய விதம்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக இந்தியா முழுவதும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டது நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். அக்காலத்தில் பாடம் கைபேசியின் மூலமாகவும் தொலைக்காட்சியின் மூலமாகவுமே குழந்தைகளுக்கு எட்டிற்று. கடன் வாங்கிக் கைபேசி வாங்கிக் கொடுத்த ஏழைப் பெற்றோர் பலர். வேறு வழியில்லாத அந்த நாட்களில் அக்கருவி செய்த உபகாரத்தை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால், பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் அது வீட்டை விட்டுப் போகவில்லை. பாடப் புஸ்தகமாக உள்ளே நுழைந்தது, விளையாட்டுச் சாமானாக நிலைத்துவிட்டது. வட்காவிலும் அப்படியே நேர்ந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கைபேசியில் விளையாடவோ தொலைக்காட்சி பார்க்கவோ உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்களும் அவர்களுக்குச் சளைத்தவர்களாயில்லை.

இதற்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற யோசனை முதலில் எழுந்தபோது, அவ்வூர் ஆண்கள் நகைத்தார்கள். இது நடக்கிற காரியமா என்றார்கள். பஞ்சாயத்தார் மனம் தளராமல் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். அப்பெண்கள் பிள்ளைகளைப் பற்றிப் புகார் சொல்வதோடு நின்றுவிடவில்லை. தாங்களும் தொடர் நாடகங்களைக் கண்டு பொழுதைக் கழிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஊர் முழுவதும் சில மணி நேரம் இவற்றை நிறுத்துவதற்குச் சம்மதித்தார்கள். பிறகே ஆகஸ்டு 14-ம் தேதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் ஆயிற்று. தீர்மானம் செய்ததோடு காரியம் முடிந்துவிடவும் இல்லை. ஆரம்பத்தில் பஞ்சாயத்துச் சிப்பந்திகளும் ஊரார் சிலரும் கூட்டமாகச் சென்று, சங்கு ஊதிவிட்டது, நிறுத்துங்கள் என்று ஜனங்களிடம் சொல்லவேண்டியிருந்தது. பழக்கம் ஏற்பட நாள் பிடித்தது.

இந்தச் சிறு வரலாற்றில் கவனிக்கவேண்டிய அம்சங்கள் மூன்று. முதலாவது, குற்றம் குழந்தைகளுடையது மட்டுமன்று என்பதைப் பெரியவர்கள் வாய்விட்டு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, கட்டுப்பாடு எல்லா வீட்டுக்கும் ஒரே வேளையில் வந்தது; பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கிறானே என்று முறையிட எந்தக் குழந்தைக்கும் இடமில்லை. மூன்றாவது, அவர்கள் அக்கருவியை அடியோடு ஒழிக்கப் புறப்படவில்லை. நாளில் ஒரு பகுதியைத் தமக்கென்று மீட்டுக்கொண்டார்கள். நடக்கக்கூடியதைக் கேட்டார்கள், அதனால் நடந்தது.

குழந்தை இழப்பது என்ன?

திரையைப் பார்த்தால் குழந்தை கெட்டுவிடும் என்று பொதுப்படையாகப் பயமுறுத்துவதில் பிரயோஜனமில்லை. எது எவ்வளவு நஷ்டமாகிறது என்று திட்டமாகத் தெரிந்துகொள்வது நல்லது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ம் வருஷத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குறித்துச் சில விதிகளை வெளியிட்டது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரை கூடாது. இரண்டு வயது நிறையும் வரையிலும் அது வேண்டியதில்லை. 2 வயது முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, அதற்கும் குறைந்தால் இன்னும் நலம் என்பது அதன் சாரம். அதே விதிகள், 3, 4 வயதுக் குழந்தை நாள்தோறும் 3 மணி நேரமாவது ஓடியாடவேண்டும் என்றும், 10 முதல் 13 மணி நேரம் வரை உறங்கவேண்டும் என்றும் கூறுகின்றன. இவற்றைச் சேர்த்துப் படிக்கவேண்டும். நாளுக்கு 24 மணிதான். உறக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் உணவுக்கும் பேச்சுக்கும் உரிய பங்கைத் திரை விழுங்கும்போதே கேடு விளைகிறது. திரை கொடுப்பதைக் காட்டிலும் அது எடுத்துக்கொள்வதுதான் பெரிய கணக்கு.

கண்ணின் விஷயத்தைப் பார்ப்போம். சீனாவில் குவாங்சௌ நகரத்தில் 12 ஆரம்பப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தி, அதன் முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். ஆறு பள்ளிகளில் தினந்தோறும் 40 நிமிஷம் கூடுதலாகக் குழந்தைகளை வெளியே திறந்த வெளியில் விட்டார்கள். மற்ற ஆறு பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. மூன்று வருஷங்களுக்குப் பின் பரிசோதித்ததில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவிகிதம் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது; வெளியே விளையாடிய குழந்தைகளுக்குள் அது 30.4 சதவிகிதமாக இருந்தது. மருந்தில்லை, கண்ணாடியில்லை, பகல் வெளிச்சமும் 40 நிமிஷமுமே செய்த உபகாரம் இது. தைவான் தேசத்தார் 2010-ம் வருஷம் முதற்கொண்டே பள்ளிக் குழந்தைகளை நாளொன்றுக்கு 120 நிமிஷம் வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தை மேற்கொண்டார்கள். வருஷம் முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில், குழந்தைகளை மூடிய அறையில் திரைக்கு முன் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் செல்வதைப் பேதைமை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

பேச்சின் விஷயம் இதைவிட ஆச்சரியமானது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பட்ரீஷியா கூல் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2003-ல் வெளியாயிற்று. ஒன்பது மாதம் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோரை அனுப்பி, பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 25 நிமிஷம், கதை படித்து விளையாட்டுக் காட்டச் செய்தார்கள். அக்குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி பேதங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே மனிதர்களை, அதே கதைகளை, அதே அளவு நேரம் திரையில் காட்டினார்கள். அவை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஒலி ஒன்றுதான்; முகமும் ஒன்றுதான். ஆனால், குழந்தை சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கவும், கை நீட்டினால் நீட்டிய பொருளின் பெயரைச் சொல்லவும் எதிரே உயிருள்ள மனிதர் ஒருவர் இல்லை. தாய்மொழியைத் தாய்மொழி என்று நம் முன்னோர் சொல்லி வந்ததில் எவ்வளவு பொருளிருக்கிறது! பேசும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் கைக்குழந்தை பேச்சுக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

உறக்கத்தைப் பற்றி விரிக்கவேண்டியதில்லை. இரவில் கண்ணெதிரே பிரகாசிக்கும் வெளிச்சம் உறக்கம் வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. அடுத்தது என்ன என்ற பரபரப்பு அதை இன்னும் தள்ளுகிறது. காலையில் வகுப்பில் கொட்டாவி விடும் மாணவனைச் சோம்பேறி என்று உபாத்தியாயர் கடிந்துகொள்கிறார். உண்மையில் அவன் உறக்கத்துக்குக் கடன்பட்டவன்.

பொழுதை விற்கும் வியாபாரம்

பிள்ளைக்கு மனவுறுதி போதாது என்று பழி கூறுமுன், அப்பிள்ளைக்கு எதிரே நிற்பது யார் என்று பார்க்கவேண்டும். கைபேசியில் விலையில்லாமல் கிடைக்கும் படங்களும் விளையாட்டுகளும் உண்மையில் விலையில்லாதவையல்ல. பார்ப்பவனுடைய பொழுதும் கவனமும் விளம்பரதாரர்களுக்கு விற்கப்படுகின்றன. எவ்வளவு நேரம் கண் அகலாமல் இருக்கிறதோ அவ்வளவு லாபம். ஆகவே கண் அகலாமலிருப்பதற்கு என்ன செய்யலாம் என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் பெரிய சம்பளத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள்.

பழைய பொழுதுபோக்குகளுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு. புஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கூத்து விடிந்தால் முடியும். பாட்டி சொல்லும் கதை, பாட்டிக்கு உறக்கம் வந்தால் நின்றுவிடும். கைபேசித் திரைக்கு மட்டும் அடி கிடையாது; விரலால் தள்ளத் தள்ள மேன்மேலும் வந்துகொண்டேயிருக்கும். இந்த அமைப்பை 2006-ம் வருஷத்தில் கண்டுபிடித்தவர் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்காலத்தில் அவரே இதனால் விளைந்த கேட்டைக் கண்டு பகிரங்கமாக வருந்தினார். ஒரு படம் முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்குவதும், தள்ளும்போது வருவது நன்றாயிருக்குமா இராதா என்று தெரியாத சூதாட்ட ஆவலும் இதே வலையின் கண்ணிகளே. நாற்பது வயது மனிதர் தப்ப முடியாமல் திணறும் வலையில் பத்து வயதுச் சிறுவனைத் தனியே விட்டு, நீயே அறுத்துக்கொண்டு வெளியே வா என்று சொல்வது நியாயமாகுமா?

இதைக் கண்டு பல தேசத்துச் சர்க்கார்கள் சட்டத்தின் உதவியை நாடியிருக்கின்றன. சீனா 2021-ல் செய்த உத்தரவின்படி, 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 மணியிலிருந்து 9 மணி வரையிலேயே இணைய விளையாட்டுகள் ஆடலாம். பிரான்ஸ் 2018-ல் 15 வயது வரையுள்ள மாணவர்களின் பள்ளிகளில் கைபேசி உபயோகத்தைத் தடுத்தது. ஆஸ்திரேலியா 2024-ல் ஒரு சட்டம் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10-ம் தேதி முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்தது. மீறினால் தண்டனை குழந்தைக்கோ பெற்றோருக்கோ அன்று; கம்பெனிக்கே 4 கோடியே 95 லக்ஷம் டாலர் வரையில் அபராதம். பொறுப்பை வைக்கவேண்டிய இடத்தில் வைத்தார்கள் என்ற அளவில் இது பாராட்டத்தக்கது.

எனினும் வேலி போட்டுவிட்டால் பயிர் விளைந்துவிடாது. சட்டம் கம்பெனியைக் கட்டுப்படுத்தலாம். மாலை 7 மணிக்குத் தகப்பனாரைக் குழந்தையின் பக்கத்தில் உட்கார வைக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. இதை உணர்ந்துதான் ஜப்பானில் டோயோஆகே என்ற நகரசபை 2025 அக்டோபர் முதல் ஒரு விதி செய்தது. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வேண்டிய நேரம் நீங்கலாக, நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கைபேசியில் பொழுது கழிக்கவேண்டாம் என்பது அவ்விதி. அது குழந்தைகளுக்கு மட்டுமன்று, நகரத்தார் அனைவருக்கும். மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. அயர்லாந்தில் கிரேஸ்டோன்ஸ் என்ற ஊரில் 2023-ல், எட்டு ஆரம்பப் பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர்கள் ஒன்று கூடி, பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வரை கைபேசி வாங்கித் தருவதில்லை என்று தாங்களாகவே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வட்காவ் விவசாயியும் கிரேஸ்டோன்ஸ் பெற்றோரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் இருவரும் கண்ட உண்மை ஒன்றே. தனி வீட்டால் ஆகாதது ஊர் கூடினால் ஆகும்.

ஆட்சேபங்கள்

இந்தக் காலத்தில் கைபேசி இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடமாட்டானா என்பது முதல் ஆட்சேபம். பிரதம் என்ற கல்வி ஸ்தாபனத்தார் 2024-ல் நம் தேசத்துக் கிராமங்களில் நடத்திய விசாரணையின் முடிவு இதற்கு ஒருவாறு விடையளிக்கிறது. 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 100-க்கு 82 பேர் கைபேசியை உபயோகிக்கத் தெரிந்தவர்கள். அவ்விதம் தெரிந்தவர்களுக்குள், அதற்கு முந்திய வாரத்தில் அதைப் படிப்பு சம்பந்தமாக உபயோகித்தவர்கள் 100-க்கு 57 பேர். சமூக வலைத்தளங்களுக்காக உபயோகித்தவர்கள் 100-க்கு 76 பேர். ஆகவே கருவியை இயக்கக் கற்றுக்கொள்வதில் நம் பிள்ளைகள் பின்தங்கவில்லை. எதற்காக இயக்குவது என்பதில்தான் வழிகாட்டுவார் இல்லை. படிப்புக்கு வேண்டியதைப் பார்க்கட்டும். தூர தேசத்திலுள்ள பாட்டனாரோடு முகம் பார்த்துப் பேசட்டும். படம் வரையவும் கணக்குப் போடவும் அக்கருவியைப் பயன்படுத்தட்டும். அவற்றையெல்லாம் யாரும் தடுக்கவில்லை. எடுத்த வேலை முடிந்ததும் கீழே வைக்கும் பழக்கமே நாம் வேண்டுவது.

வீட்டு வேலையும் வெளி வேலையும் சேர்ந்து அழுத்தும் தாய், குழந்தைக்குச் சோறூட்டவும் அடுப்பைக் கவனிக்கவும் கைபேசியைக் கொடுக்காமல் என்ன செய்வாள் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் தாய்மார்கள் அல்லர். முன்பு அவ்வேளையில் குழந்தையை எடுத்துக்கொள்ள வீட்டில் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள், திண்ணையில் பாட்டனார் இருந்தார், தெருவில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இடமெல்லாம் காலியான பிறகே கைபேசி வந்து அங்கே உட்கார்ந்தது. அவ்வளவு பேரின் வேலையையும் ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று அவளைக் குறை கூறுவது அநியாயம். வட்காவில் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாய்மார் சிலருக்குக் கிடைத்த பெரிய லாபம், வேலையிலிருந்து திரும்பிய கணவர் பிள்ளைகளின் படிப்பைக் கவனித்ததும், தாங்கள் நிம்மதியாகச் சமையலை முடித்ததுமே என்பது நம்மவர் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி.

அவரவர் வீட்டில் அவரவர் செய்வதில் ஊர் தலையிடலாமா என்பது மூன்றாவது. தலையிடலாகாது என்பதே நமது அபிப்பிராயம். பூட்டை உடைத்துத் தொலைக்காட்சியை நிறுத்தும் அதிகாரம் எந்தப் பஞ்சாயத்துக்கும் வேண்டியதில்லை. ஊரார் கூடித் தாங்களே விதித்துக்கொண்டு, தாங்களே காப்பாற்றும் நியமம் வேறு. மேலிருந்து விதிக்கும் நிர்ப்பந்தம் வேறு. தன்னைத் தான் ஆளும் பழக்கம் சிறு பிள்ளைக்கு வரவேண்டுமானால், பெரியவர்கள் தம்மைத் தாமே ஆளுவதை அது கண்ணால் காணவேண்டும்.

ஒழிந்த வேளையில் என்ன செய்வது?

கைபேசியை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால், போன பேய் திரும்பி வந்துவிடும். ஆகையால், மீட்ட பொழுதில் எதை வைப்பது என்பதே முக்கியமான கேள்வி. இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. பல்லாங்குழியில் கணக்கு இருக்கிறது. கிட்டிப்புள்ளில் கண்ணளவும் கையளவும் இருக்கின்றன. சடுகுடுவில் மூச்சும் துணிவும் இருக்கின்றன. நொண்டியில் உடல் சமநிலை கற்கிறது. இவற்றையெல்லாம்விட ஒரு பெரிய பாடம் இவற்றில் இருக்கிறது. தோற்றவன் மறுநாளும் அதே தோழர்களோடு விளையாட வரவேண்டும். சண்டை போடவும், சமாதானம் செய்துகொள்ளவும், விதியைத் தாங்களே வகுக்கவும், வகுத்த விதிக்குக் கட்டுப்படவும் பிள்ளைகள் அங்கேதான் கற்றார்கள். திரையில் தோற்றால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். தெருவில் அது நடவாது.

விளையாட இடமெங்கே என்பது உண்மையான குறை. ஊர்ப் பொதுவிடங்கள் கட்டடங்களாகிவிட்டன. தெருக்களை வாகனங்கள் அடைத்துக்கொண்டன. பையன்களுக்காவது ஒரு மூலை கிடைக்கிறது. பெண் குழந்தையை, நேரமாகிவிட்டது, உள்ளே வா என்று பொழுது சாயுமுன்பே அழைத்துவிடுகிறோம். உள்ளே அவளுக்கு இருப்பது அந்தத் திரை ஒன்றுதான். பிள்ளைகள் எப்பொழுதும் கைபேசியும் கையுமாக இருக்கிறார்கள் என்று குறைகூறும் நகரசபை அங்கத்தினர்கள், தங்கள் வட்டாரத்தில் பெண் குழந்தைகளும் அச்சமின்றி ஓடியாட எத்தனை இடம் ஏற்படுத்தினார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

படிப்பகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதன்முதலில் சட்டம் செய்தது நமது ராஜதானியே. 1948-ம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். நாம் வரி கொடுத்து வாங்கிய புஸ்தகங்கள் அலமாரிகளில் அடுக்கியிருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை வேளையாவது அந்த நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஊரில் கதை சொல்லத் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பது முடியாத காரியமா? ஓய்வு பெற்ற உபாத்தியாயர்கள் இல்லாத ஊர் எது?

வீட்டுக்குள்ளும் வேலை ஏராளம். செடிக்குத் தண்ணீர் விடுவது, கீரை ஆய்வது, கோலம் போடுவது, சைக்கிளுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் பெரியவர்களுக்கு வேலை. குழந்தைகளுக்கு அவை வித்தை. சிறுவன் செய்தால் நேரம் பிடிக்கும் என்று நாமே அவனை விலக்கிவிடுகிறோம். பிறகு அவன் சும்மா இருக்கிறான் என்று வருந்துகிறோம். பொழுது போகவில்லை என்று குழந்தை முறையிட்டால் உடனே பதறவும் வேண்டாம். போகாத பொழுதிலிருந்துதான் தீப்பெட்டி ரயிலும், காகிதக் கப்பலும், மண் வீடும் பிறக்கின்றன.

முதலில் வைக்கவேண்டியவர்

கடைசியாக, இப்பத்திரிகையைப் படிக்கும் நமக்கே சொல்லிக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பொது வேலையில் ஈடுபட்ட ஒருவர் மாலையில் வீடு திரும்புகிறார். நாட்டு நடப்பை அறியவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் கைபேசியைத் திறக்கிறார். ஒருவருடைய பிரசங்கம், அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று அது நீளுகிறது. அவருடைய பெண் குழந்தை அன்று பள்ளியில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறது. முகத்தைத் தூக்காமலே ‘உம்’ என்கிறார். குழந்தை சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. தேசத்தின் எதிர்காலம் என்று நாம் மேடையில் பேசுவது அந்தக் குழந்தையைத்தான். நாலைந்து தடவை இவ்விதம் திரும்பிப் போன குழந்தை, ஐந்தாம் தடவை தானும் ஒரு கைபேசியைக் கேட்டால், அதை எந்த முகத்தோடு மறுப்பது?

வட்காவில் முதலில் நகைத்தவர்கள் ஆண்கள் என்பதை மறக்கவேண்டாம். நாமும் நகைத்துவிட்டுப் போகலாம், அது சுலபம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கிராம சபைகள் கூடுகின்றன. சாலைக்கும் குடிதண்ணீருக்கும் தீர்மானம் கொண்டுவரும் ஊழியர்கள், அடுத்த சபையில் குழந்தைகளின் மாலைப் பொழுதுக்காகவும் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். பெண்களின் பேச்சை முதலில் கேட்கட்டும். ஒன்றரை மணி நேரம் அதிகமென்று தோன்றினால் அரை மணியில் ஆரம்பிக்கட்டும். கிராம சபையில்லாத நகரத்தில் ஒரு தெருவார், ஒரே கட்டடத்தில் குடியிருப்போர், ஒரு வகுப்பின் பெற்றோர் எவரும் தங்களுக்குள் இவ்வுடன்படிக்கையைச் செய்துகொள்ளலாம்.

சபை கூடும் நாள் வரையில் காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இன்று மாலை 7 மணிக்கு உங்கள் ஊரில் சங்கு ஊதாது. ஊதியதாகவே பாவித்துக்கொண்டு, வீட்டில் முதல் கைபேசியை வீட்டுத் தலைவரே எடுத்து அலமாரியில் வைக்கட்டும். பிறகு குழந்தையைக் கூப்பிட்டு, அன்று வரைந்த படம் எங்கே என்று கேட்கட்டும்.